ஓடும்போதே ஃபோர் வீல் போடலாமா?

நான்கு சக்கர இயக்கம் உள்ள பிக்கப்பையோ ஜீப்பையோ புதிதாக வாங்கியவர் கையேட்டைப் புரட்டினால் மூன்று விதிகள் அவரைக் குழப்பும். நேரான சாலையில் வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதா? நிறுத்தாமலே முன்சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுக்கலாம். பல வண்டிகளில் இதற்கு அனுமதி உண்டு. சுசுகி ஜிம்னியில் 100 கி.மீ. வரைகூட. சேற்றில் மாட்டி, வண்டி ஓர் அங்குலமும் நகராமல், பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறதா? அப்போது நான்கு சக்கர இயக்கத்துக்கான லீவரைத் தொடவே கூடாது. செங்குத்தான ஏற்றத்துக்கு லோ கியர் போட வேண்டுமா? அதற்கு வண்டி ஏறத்தாழ நின்றாக வேண்டும். அங்கும் ஜீப் கையேடுகள் ஒரு திருத்தம் சொல்கின்றன: முழுக்க நிறுத்த வேண்டாம், மணிக்கு 3 முதல் 5 கி.மீ. வேகத்தில் மெல்ல உருளவிட்டு மாற்றுங்கள்.

பறக்கிற வண்டியில் கூடும், நகராத வண்டியில் கூடாது, இன்னொன்றுக்கு நின்றும் நிற்காமலும் இருக்க வேண்டும். யாரோ மேசையில் உட்கார்ந்து எழுதிய விதிகள் போலத் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே ஓர் இயந்திர உண்மைதான் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வண்டி எந்த நிலையில் இருந்தாலும் போடலாமா கூடாதா என்று நாமே சொல்லிவிடலாம்.

முதலில் இழுவை எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். எஞ்சினிலிருந்து கிளட்ச், அதிலிருந்து கியர்பாக்ஸ் என்பது கையால் கியர் மாற்றும் எல்லா வண்டிக்கும் பொது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் கியர்பாக்ஸின் பின்னால் இன்னொரு சிறு பெட்டி இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். பங்கீட்டுப் பெட்டி என்று சொல்லலாம். அதிலிருந்து இரண்டு உருட்டுத் தண்டுகள் புறப்படுகின்றன, ஒன்று பின் அச்சுக்கு, மற்றது முன் அச்சுக்கு. இவைதான் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகள். ஒவ்வோர் அச்சின் நடுவிலும் டிஃபரன்ஷியல் என்னும் வேகப்பகுப்பி உண்டு. வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற அது இடம் தருகிறது.

இந்தக் கட்டுரை தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் பூட்டிக்கொள்ளும் வகையைப் பற்றியது. மஹிந்திரா தார், ஜிம்னி, சென்னைக்கு அருகே ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ் போன்றவை இந்த வகை. இவற்றில் டூ-எச் என்றால் பின் தண்டு மட்டும் இழுக்கும். ஃபோர்-எச் என்றால் பெட்டிக்குள் பல் வைத்த ஒரு வளையம் நகர்ந்து முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகக் கோத்துவிடும். ஃபோர்-எல் என்பதும் அதே கோர்வைதான். கூடவே ஒரு பல்சக்கரக் குறைப்பும் சேர்ந்து வேகம் தாழ்ந்து இழுவை பெருகும். டிரைவர்கள் லோ கியர் என்பது இதைத்தான்.

அந்தப் பல்வளையம்தான் நம் கதாநாயகன். பொறியாளர்கள் டாக் கிளட்ச் என்று அழைக்கும் இதைப் பல்பிடி என்று வைத்துக்கொள்வோம். காலால் மிதிக்கிற கிளட்ச்சுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கிளட்ச்சில் இரண்டு தட்டுகள் உராய்ந்து, சறுக்கி, மெல்ல மெல்ல ஒரே வேகத்துக்கு வரும். பல்பிடியில் சறுக்கலுக்கு வேலையே இல்லை. ஒரு பக்கத்துப் பல் மறுபக்கத்து இடுக்கில் விழுந்தால் பிடித்தது, விழவில்லையென்றால் பிடிக்கவில்லை. பாதிப் பிடி என்று ஒன்று கிடையாது. பிடித்த நொடியிலிருந்து இரண்டு தண்டுகளும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும்.

பள்ளி விட்டு வரும் இரண்டு பையன்கள் சைக்கிளில் பக்கம் பக்கமாக, ஒருவன் தோளில் மற்றவன் கை போட்டபடி போவதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் ஒரே வேகத்தில் போகும்வரை அந்தக் கை தோளில் சும்மா கிடக்கும். எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒருவன் நின்றுகொண்டிருக்க, மற்றவன் கடந்து போகிற வேகத்தில் அவன் தோளைப் பற்றினால் இருவரும் தரையில்தான். கையை இழுத்துப் பிடுங்குவது அவர்களுடைய வேகம் அல்ல. இருவருக்கும் இடையிலுள்ள வேக வித்தியாசம்தான். முன் தண்டும் பின் தண்டும் அந்த இரண்டு பையன்கள். பல்பிடி அந்தக் கை.

இதைச் சில எண்களில் வைத்துப் பார்க்கலாம். தாரின் 18 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர் உருளும். அச்சிலுள்ள பல்சக்கரக் குறைப்பு நான்குக்கு ஒன்று என்று கொள்வோம். அதாவது தண்டு நான்கு முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பின் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 2,200 முறை சுற்றும். முன்சக்கரங்களுக்கு எஞ்சின் எதுவும் கொடுக்காவிட்டாலும் அவையும் அதே சாலையில்தான் உருள்கின்றன. சக்கரத்திலிருந்து முன் தண்டு வரை தொடர்பு அறுபடாமல் இருந்தால், சக்கரம் தண்டைச் சுற்றிவிடும். அதுவும் 2,200. வித்தியாசம் பூஜ்யம். 200 மீட்டர் ஆரமுள்ள சாலை வளைவில்கூட முன்பின் வித்தியாசம் நிமிடத்துக்கு அரைச் சுற்றை எட்டாது. பற்கள் ஒன்றையொன்று பார்த்தபடி ஏறத்தாழ அசையாமல் நிற்பது போன்ற நிலை. வளையத்தை நகர்த்தினால் சத்தமின்றி உட்கார்ந்துவிடும்.

முன் தண்டு சும்மாவே சுற்றுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியும். சமதளத்தில், எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, தண்டிலும் டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இருவர் வண்டியை மெல்லத் தள்ள, ஒருவர் பக்கவாட்டில் விலகி நின்று குனிந்து பார்க்கட்டும். வண்டிக்கு அடியில் யாரும் போக வேண்டாம். சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினால் அச்சின் குறைப்பு விகிதமே கிடைத்துவிடும். சில வண்டிகளில் முன் தண்டு சுற்றவே சுற்றாது. அது பழுது அல்ல.

அதற்குக் காரணம் உண்டு. 1941 முதல் இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் முன் அச்சும் தண்டும் எப்போதும் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றின. நெடுஞ்சாலையில் பயன் ஏதுமின்றி இவ்வளவு இரும்பைச் சுற்ற எரிபொருள் வீணானது, பாகங்களும் தேய்ந்தன. போர் முடிந்து ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்ததும் இதற்கு ஒரு தீர்வு பிறந்தது. 1948இல் ஆர்தர் வார்ன் என்பவர் தொடங்கிய அமெரிக்க நிறுவனம், சக்கரத்தின் நடுவிலேயே அச்சிலிருந்து கழற்றிவிடும் பூட்டுக் குமிழ்களை விற்கத் தொடங்கியது. குமிழைத் திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் உருளும்; அச்சும் தண்டும் ஓய்வெடுக்கும். இன்றைய பல வண்டிகளில் இதே வேலையைக் காற்றழுத்தமோ மின்மோட்டாரோ செய்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். குமிழ் திறந்திருந்தால் 80 கி.மீ. வேகத்தில் பின் தண்டு 2,200, முன் தண்டு பூஜ்யம். ஒரு பையன் பறக்கிறான், மற்றவன் நிற்கிறான். கையால் திருகும் பழைய வகைக் குமிழ் உள்ளவர்கள் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பூட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்படிப் பூட்டிய பிறகு முன் தண்டு சக்கரத்தோடு சுற்றத் தொடங்கிவிடும். அப்புறம் ஓடும்போதே லீவரைப் போடலாம். மழைக்காலம் முழுக்கக் குமிழைப் பூட்டியே வைத்திருக்கும் மலைப்பகுதி டிரைவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். எரிபொருள் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான்.

தானியங்கி வகைகளில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ நிற்கிற தண்டை எழுப்பி ஓடவைக்கிறது. இதை ஒத்திசை வளையம் எனலாம். பற்கள் சேருவதற்கு முன், கூம்பு வடிவ உலோகப் பரப்பு ஒன்று எதிர்ப் பரப்பில் உராய்ந்து வேகத்தைச் சமன்படுத்தும். ஏர்ல் தாம்ப்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் இந்த யோசனை 1928இல் காடிலாக் கார்களின் கியர்பாக்ஸில் வந்தது. நம் வண்டிகளில் கியர் மாற்றும்போது கறகறவென்று சத்தம் கேட்காமல் இருப்பது இதன் புண்ணியத்தில்தான். அதையே டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கொண்டுபோய் வைத்ததால்தான் 1980களில் அமெரிக்கச் சிறு டிரக்குகளில் ஓடும்போதே மாற்றும் வசதி பரவியது. தண்டு வேகம் பிடித்த பின், இரண்டாம் கட்டமாக, முன் அச்சில் விலகியிருந்த இணைப்பு நகர்ந்து சேரும். விசையைத் திருகியதும் டாஷ்போர்டில் ஃபோர்-வீல் விளக்கு சிமிட்டுகிறதே, அது இந்தக் காத்திருப்பின் அடையாளம். சக்கரங்களின் வேகத்தை எண்ணும் சென்சார்களும் அச்சிலுள்ள ஸ்விட்சுகளும் இன்னும் ஒப்புதல் தரவில்லை என்று பொருள். பலர் பழுதென்று நினைத்து மறுபடி மறுபடி திருகுகிறார்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, சில மீட்டர் உருளவிட்டால் விளக்கு நிலைத்துவிடும்.

காலை எடுப்பது ஏன்? எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது பற்களின் பக்கங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். அழுத்தம் இருந்தால் உராய்வு. உராய்வு இருந்தால் வளையம் நகராது. ஆக்சிலேட்டரை விட்டதும் ஒரு நொடிக்கு அழுத்தம் தளரும், வளையம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போடும்போது மட்டுமல்ல, எடுக்கும்போதும் இதே கதைதான். லீவர் வரவில்லையென்று முஷ்டியால் குத்துவது வீண். காலைத் தளர்த்தினால் கை விரலுக்கே வந்துவிடும்.

இனி சேற்றுக்கு வருவோம். அதிகப் பாகங்கள் உடைவது இங்கேதான். வண்டி சிக்கிவிட்டது. பின்சக்கரங்களில் ஒன்று சேற்றில் சுற்றுகிறது, மற்றது அசையாமல் நிற்கிறது. ஸ்பீடோமீட்டர் 30 காட்டுகிறது என்று வையுங்கள். வண்டி நிற்கும்போது அது எதைக் காட்டுகிறது? பழைய வண்டிகளில் அது பின் தண்டின் சுழற்சியை அளக்கிறது. தண்டு நிமிடத்துக்குச் சுமார் 830 முறை சுற்றுகிறது. டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களின் சராசரியைத்தான் தண்டோடு பொருத்தும். ஒன்று பூஜ்யமென்றால் மற்றது இரட்டிப்பு வேகத்தில், அதாவது 60 கி.மீ.க்கு உரிய வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்சக்கரங்கள் மண்ணில் ஊன்றி நிற்கின்றன, முன் தண்டும் நிற்கிறது.

நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் வித்தியாசம் பூஜ்யம். இங்கே நகராத வண்டியில் வித்தியாசம் 830. பதற்றத்தில் காலை ஆக்சிலேட்டரில் வைத்தபடியே லீவரைத் தள்ளினால் என்ன நடக்கும்? அதிர்ஷ்டம் இருந்தால் பற்கள் சேர மறுத்துக் கறகறக்கும். ஒவ்வொரு ‘கற’வும் பல்லின் நுனியிலிருந்து உலோகம் உதிர்கிற சத்தம். அதிர்ஷ்டம் இல்லையென்றால் பல் விழுந்துவிடும். சுற்றுகிற சக்கரம், தண்டு, எஞ்சினின் ஃபிளைவீல் எல்லாவற்றின் வேகமும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நிற்கிற முன் அச்சின் மேல் இறங்கும். அந்தத் தொடரில் எது பலவீனமோ அது போகும்: தண்டின் முனையிலுள்ள கிராஸ் என்னும் மூட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலி, அல்லது அச்சுத் தண்டு. முன்சக்கரங்கள் மட்டுமோ பின்சக்கரங்கள் மட்டுமோ சுழலும்போது மாற்றாதீர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் சேதமடையும் என்று ஜீப் கையேடுகள் வெளிப்படையாகவே எச்சரிப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது எளிது, மனம்தான் ஒப்பாது. காலை எடுங்கள். சக்கரம் முழுக்க நிற்கட்டும். இப்போது இரண்டு தண்டும் பூஜ்யம், வித்தியாசம் இல்லை. கிளட்ச்சை மிதித்து, ஸ்டியரிங்கை நேராக்கி, லீவரைப் போடுங்கள். பல்லும் பல்லும் முனையோடு முனை நேராக நின்றால் ஏறாது. கிளட்ச்சை ஒரு நொடி லேசாக விட்டு மறுபடி மிதித்தால் ஏதாவது ஓர் இழை நகர்ந்து ஏறிவிடும். பிறகு மிக மெதுவாக இழுங்கள். இதைவிட நல்லது, சேறு கண்ணில் பட்டதுமே, வண்டி நன்றாக உருண்டுகொண்டிருக்கும் கெட்டித் தரையிலேயே போட்டுவிடுவது. மாட்டிய பிறகு உதவிக்குக் கூப்பிடும் கருவியாகவே பலர் நான்கு சக்கர இயக்கத்தைப் பார்க்கிறார்கள். மாட்டாமல் இருக்கத்தான் அது என்பேன்.

முனையோடு முனை நிற்கும் இந்தத் தொல்லைதான் மூன்றாவது விதிக்கும் விளக்கம். ஜீப் ராங்ளரின் வழக்கமான வகையில் லோ கியரின் குறைப்பு 2.72 மடங்கு, ருபிகான் வகையில் 4 மடங்கு. ஃபோர்-எச்சிலிருந்து ஃபோர்-எல்லுக்கு மாறும்போது சேர வேண்டிய பாகங்கள் முன் தண்டும் பின் தண்டும் அல்ல. கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு ஒரு பக்கம், சக்கரத்துக்குப் போகும் தண்டு மறுபக்கம். சக்கரப் பக்கத்தின் வேகத்தைச் சாலை நிர்ணயித்துவிட்டது, அதை மாற்ற முடியாது. எனவே கியர்பாக்ஸ் பக்கம் சட்டென்று 2.72 மடங்கு வேகமாகச் சுற்றியாக வேண்டும். 80 கி.மீ.யில் அது நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தொடும். டீசல் எஞ்சின் எட்ட முடியாத வேகம். நேர்சாலை, சம டயர், தளர்ந்த கால் எதுவும் இங்கே உதவாது, ஏனென்றால் வித்தியாசம் பல்சக்கரத்திலேயே பிறக்கிறது. அதைச் சிறிதாக்க ஒரே வழி வண்டியையே மெதுவாக்குவது. மணிக்கு 4 கி.மீ.யில் இரண்டுக்கும் இடைவெளி 200 சுற்றுக்குள் அடங்கிவிடும். கியர் நியூட்ரலில் இருந்தால் சுற்றப்பட வேண்டிய எடையும் குறைவு, அதனால் பல் நோகாமல் விழும். முழுக்க நின்றுவிட்டாலோ இடைவெளி பூஜ்யம்தான், ஆனால் பல் இடுக்கைத் தேடிக் கண்டுபிடிக்க எதுவும் அசைவதில்லை. அந்த மெல்லிய உருளல் பல்லுக்கு இடுக்கைக் காட்டுகிறது. எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. நின்றால்தான் மாற விடுவேன் என்று அடம்பிடிக்கும் மின்விசை வகைகளும் உண்டு. அங்கே கையேடு சொல்வதே சட்டம்.

இந்த இடத்தில் உயிரோடு சம்பந்தப்பட்ட ஓர் எச்சரிக்கை. ஃபோர்-எச்சுக்கும் ஃபோர்-எல்லுக்கும் நடுவே பல வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கென்று ஒரு நியூட்ரல் இருக்கிறது. லீவர் அதில் நிற்கும்போது எஞ்சினுக்கும் நான்கு சக்கரங்களுக்கும் தொடர்பே இல்லை. முதல் கியரில் போட்டிருக்கிறேனே, ஆட்டோமேட்டிக்கில் பார்க்கில் வைத்திருக்கிறேனே என்பதெல்லாம் பயன்படாது, வண்டி சரிவில் உருண்டுவிடும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாறைப்பாதை மாதிரி இடங்களில் லோ கியரைப் பாதிச் சரிவில் தேடக் கூடாது. ஏற்றம் தொடங்கும் முன்பே, சமதளத்தில், பிரேக்கில் கால் வைத்துப் போட்டுவிட வேண்டும்.

போடுவது ஒரு கேள்வியென்றால் போட்ட பிறகு எங்கே ஓட்டுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பையன்கள் இருவரும் தோளில் கை போட்டபடி ஒரு திருப்பத்துக்கு வருகிறார்கள். வெளிப்பக்கம் போகிறவன் அதிக தூரம் போக வேண்டும். கையை எடுக்கவே மாட்டோம், ஒரே அளவில்தான் மிதிப்போம் என்று அடம்பிடித்தால் யாரோ ஒருவனுடைய டயர் தரையில் தேய்ந்தாக வேண்டும். வண்டியில் வெளிப்பக்கம் போகிறவை முன்சக்கரங்கள். திருப்பத்தில் பேருந்தின் பின்சக்கரம் உள்வாங்கி நடைமேடை ஓரத்தை உரசுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஈர டயரோடு வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கிப் பாருங்கள்: முன்சக்கரத் தடம் வெளியே, பின்சக்கரத் தடம் உள்ளே. ஒரு நூலை வைத்து இரண்டையும் அளந்தால் முன் தடம் நீளம்.

எவ்வளவு நீளம்? தாரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பின் அச்சின் நடுப்புள்ளி 8 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் போடுவதாகக் கொண்டால் அது ஏறக்குறைய 25 மீட்டர் ஓடும். முன் அச்சு ஒரு மீட்டருக்குச் சற்று மேலாகக் கூடுதலாக ஓட வேண்டும். தண்டில் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு முழுச் சுற்று வித்தியாசம். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வலப்பக்கம் திரும்பும்போது சேர்ந்தது இடப்பக்கம் திரும்பும்போது கழிந்துவிடாதா என்று தோன்றும். கழியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்சக்கரத்துக்குத்தான் நீண்ட பாதை. எல்லா வளைவும் இதே அளவு என்று வைத்தால், அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போவதற்குள் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட 80 மீட்டர் கூடுதலாக உருண்டாக வேண்டும். பல்பிடியோ ஒரு பல்லைக்கூட விட்டுக்கொடுக்காது.

அந்த 80 மீட்டர் எங்கே போகும்? மண்ணிலோ சேற்றிலோ என்றால் டயர் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. காய்ந்த தார்ச்சாலையில் டயர் எளிதில் விடாது. அப்போது தண்டுகளும் அச்சுகளும் முறுக்கிக்கொள்ளும். பின்சக்கரம் முன்னே தள்ள, முன்சக்கரம் பின்னே இழுக்க, எஞ்சின் தராத ஒரு விசை வண்டிக்குள்ளேயே சிறைப்பட்டுச் சுற்றிவரும். முறுக்கேற்றம் என்று இதைச் சொல்லலாம். திருப்பத்தில் யாரோ பிரேக் பிடித்த மாதிரி வண்டி தயங்கும், ஸ்டியரிங் கனக்கும், டயர் கிறீச்சிடும். அடக்க முடியாத அளவு ஏறியதும் ஏதாவது ஒரு டயர் திடுக்கென்று துள்ளி விடுபடும். அது விடுபடாவிட்டால் இரும்பு விடும்.

முறுக்கேற்றம் உண்மை என்பதற்கு லீவரே சாட்சி. காய்ந்த சாலையில் இப்படி ஓட்டியவர் டூ-எச்சுக்குத் திரும்ப முயன்றால் லீவர் கல் மாதிரி நிற்கும். சிறைப்பட்ட விசை பற்களை அழுத்திப் பிடித்திருக்கிறது. ரிவர்ஸ் போட்டு, வந்த வளைவின் வழியே சில மீட்டர் பின்னால் வந்தால், சேர்ந்த முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாகத் தளரும். வேறெதுவும் மாறவில்லை, சக்கரங்கள் வந்த வழியே திரும்பின, அவ்வளவே. முறுக்கேறிய நிலையில் பஞ்சர் போட வண்டியை ஜாக்கியில் தூக்கினால், தரையை விட்ட கணத்தில் சக்கரம் சட்டென்று உதறிச் சுற்றக்கூடும். கையை அங்கே வைத்திருப்பது ஆபத்து.

டயர்களும் இதே கணக்கில் வருகின்றன. முன்னால் தேய்ந்த ஜோடி, பின்னால் புது ஜோடி என்றால் நேர்ச்சாலையிலும் வேக வித்தியாசம் உண்டு. உருளும் சுற்றளவில் வெறும் 1 விழுக்காடு மாறுபட்டாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சக்கரத்தில் நான்கு சுற்று மிச்சமாகும். காற்றழுத்தம் குறைந்தாலும் அதே விளைவுதான். செலவை மிச்சப்படுத்த இரண்டு டயரை மட்டும் மாற்றுவது நான்கு சக்கர இயக்க வண்டிக்குப் பொருந்தாத சிக்கனம்.

எல்லாச் சக்கரமும் எப்போதும் இழுக்கும் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியலோ, சறுக்கக்கூடிய கிளட்ச்சோ இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மோட்டார் வைத்த மின்கார்களில் தண்டே இல்லாததால் முறுக்கிக்கொள்ளவும் எதுவும் இல்லை.

வேக வித்தியாசம்தான் முக்கியமென்றால் கையேடுகள் 80, 100 என்று உச்சவரம்பு வைப்பது ஏன்? நிற்கிற முன் தண்டை எழுப்பி ஓடவைக்கும் வண்டிகளில் சிங்க்ரோவின் கூம்பு பொறுக்கவேண்டிய வெப்பம் வேகத்தின் இருமடியில் ஏறும், 50 கி.மீ.யில் ஆனதைவிட 100 கி.மீ.யில் நான்கு மடங்கு. டயர் தேய்மானத்தால் வரும் சிறு வித்தியாசமும் வேகத்தோடு வளரும். இதைவிடப் பெரிய காரணம் சாலையில் இருக்கிறது. முன்சக்கர இழுவை தேவைப்படும் அளவுக்கு வழுக்கும் தரையில் 100 கி.மீ. வேகத்தில் யாருக்கும் வேலை இல்லை. ஃபோர்-எச் போட்டதும் வண்டி கிளம்புவதில் உறுதி தெரியும், அதைப் பிரேக்குக்கும் கிடைத்த உறுதி என்று நம்பிவிடுகிறோம். பிரேக் எப்போதும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நான்கும் இழுப்பதால் வண்டி நிற்கும் தூரம் ஒரு சாணும் குறையாது.

பயன்படுத்தாமலே கிடக்கும் பல்வளையமும் இறுகிப்போகும். எண்ணெய் போய்ச் சேராத பாகங்கள் துருப்பிடிக்கும். டொயோட்டா கையேடுகள் மாதத்துக்கு 16 கி.மீ. ஆவது நான்கு சக்கரத்திலும் ஓட்டச் சொல்கின்றன. மழை பெய்து நனைந்த ஓர் ஏரிக்கரை மண்பாதையைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கு 30 கி.மீ., ஸ்டியரிங் நேராக, கால் ஆக்சிலேட்டரிலிருந்து விலகி, பிறகு லீவர். திரும்பித் தார்ச்சாலையில் ஏறுவதற்கு முன், அதே நேர்ப்பாதையிலேயே, டூ-எச்சுக்கு வந்துவிடுங்கள். விளக்கு அணைந்துவிட்டதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.